ரிவியூவில் எதை விடுவது, எதைப் பிடிப்பது

கமாவுக்குப் பின் இடைவெளி இல்லை. ஒருவர் அனுப்பிய நிரல் மாற்றத்தை ரிவியூவுக்காக, அதாவது உள்ளே சேர்க்கும் முன் படித்துப் பார்ப்பதற்காகத் திறந்ததும் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். அதற்குக் கீழே ஒரு வரியில் ஒற்றை மேற்கோள், அடுத்த வரியில் இரட்டை மேற்கோள். இன்னும் கீழே, ஸ்னேக் கேஸில் (சொற்களுக்கு இடையே அடிக்கோடு) இருக்க வேண்டிய ஒரு பெயர் கேமல் கேஸில் (அடிக்கோடு இல்லாமல், அடுத்த சொல் பெரிய எழுத்தில்) கிடக்கிறது. விரல் அதற்குள் கருத்துப் பெட்டியைத் திறந்திருக்கும். அந்த நொடியில் என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரி உரிமையாளர்களுக்கு டிரிப் கணக்கு மென்பொருள் எழுதும் சிறிய குழு ஒன்றில் இருக்கிறேன். டீசல், பேட்டா, சுங்கக் கட்டணம், அட்வான்ஸ், கடைசியில் கைக்கு வரும் மீதி: எங்கள் உலகம் அவ்வளவுதான். எழுதுவது பெரும்பாலும் பைத்தான் மொழியில். குழுவில் எழுதப்படும் நிரலில் பெரும்பகுதி என் கண்ணைக் கடந்துதான் போகிறது. ஆகவே நான் சொல்வது சிறிய குழுவுக்கும் பணக் கணக்குக்கும் அதிகம் பொருந்தும். மற்றவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வாசிப்பில் எதுவும் எழுதாதீர்கள்

மாற்றத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை, கருத்துப் பெட்டியைத் தொடாமல் படியுங்கள். இது என்ன செய்யப் பார்க்கிறது? அதைச் செய்கிறதா? முதல் சுற்றில் வேறு கேள்வி வேண்டாம். கமாவும் மேற்கோளும் எங்கும் ஓடிவிடப் போவதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கண்ணுக்கு எளிதில் படுவதைப் பற்றிப் பேசி முடித்ததும் வேலை முடிந்த திருப்தி வந்துவிடுகிறது. எங்கள் குழுவில் ஒருமுறை, ஒரே டிரிப்பில் இரண்டு பேருடைய லோடு போனால் சுங்கக் கட்டணத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் மாற்றம் ஒன்று வந்தது. அதைப் பார்த்த இருவரும் மேற்கோள் குறியில் எது உசத்தி என்று ஒரு பக்கத்துக்கு வாதாடியிருந்தார்கள். கடைசியில் எல்லாம் இரட்டை மேற்கோள் ஆனது, மாற்றமும் உள்ளே போனது. அந்த மாதமே வாடிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர் ஃபோன் செய்தார்: "மேடம், ஒரு சீட்டில் ஒரு ரூபாய் குறைகிறது, இன்னொரு சீட்டில் ஒரு ரூபாய் ஏறுகிறது. எந்தக் கணக்கு இது?"

825 ரூபாயை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 412.50. பைத்தான் 3-இல் முழு எண்ணாக்கும் 'ரவுண்ட்' என்ற ஃபங்ஷன், சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும். ஆகவே இருவருக்கும் 412, கூட்டினால் 824. மறுநாள் 827 ரூபாய் கட்டிய லாரிக்கு ஆளுக்கு 413.50. அது இருவருக்கும் 414 ஆகி, மொத்தம் 828. நாம் பள்ளியில் படித்தபடி அரையை எப்போதும் மேலே ஏற்றினாலும் இது தீராது. 825-க்கு 413-ஐ இரண்டு முறை எழுதினால் 826. ஒரு பங்கை மட்டும் முழு எண்ணாக்கிவிட்டு, மொத்தத்திலிருந்து அதைக் கழித்து வருவதை அடுத்தவர் பங்காக எழுதுவதுதான் வழி. இந்த ஃபங்ஷன் மொத்தமே ஆறேழு வரிதான். அந்த வரிகளின் மேல்தான் அந்த மேற்கோள் சண்டை நடந்தது.

எண்களைக் கையால் போட்டுப் பாருங்கள். ரிவியூவில் நான் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்கிறேன்: ஒரு காகிதத்தில் ஒற்றைப்படை எண் ஒன்று, பூஜ்யம், எதிர்மறை எண் ஒன்று.

அழகுப் பிரச்சினைபோல வேடமிட்டு வரும் பிழைகள்

இங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. நடையைப் பற்றிப் பேசுவது வீண் என்று ஒரேயடியாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சில விஷயங்கள் பார்வைக்கு நடைபோலத் தெரியும், உள்ளே பிழையாக இருக்கும்.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஐஓஎஸ் 7.0.6 வெளியிட நேர்ந்த காரணத்தை நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும்போது எதிர்ப்பக்கத்து சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சி மொழி நிரலில், 'கோட்டூ ஃபெயில்' (வேலையை முடிக்கும் பகுதிக்குத் தாவு) என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தது. மேலே உள்ள 'இஃப்' என்ற நிபந்தனை முதல் வரியை மட்டுமே கட்டுப்படுத்துகிறது, ஏனென்றால் அடைப்புக் குறி போடவில்லை. இரண்டாவது வரியும் அதே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால், அதுவும் 'இஃப்'புக்குள் இருப்பதாகவே கண் நம்பிவிடும். நிரலை மிஷின் மொழியாக்கும் கம்பைலருக்கு அந்த மயக்கம் கிடையாது. எந்த நிபந்தனையும் இல்லாமல் அந்த வரி ஓடியது. கையொப்பத்தைச் சோதிக்கும் பகுதி தாண்டப்பட்டது. பிழை எண் பூஜ்யமாகவே இருந்ததால் எல்லாம் சரி என்று விடை போனது. ஐஃபோனும் மேக்கும் போலி சர்வரை நம்பிவிடக்கூடிய ஓட்டை அது. பின்னர் 2016-இல் வந்த ஜிசிசி 6 என்ற கம்பைலர், உள்தள்ளல் கண்ணை ஏமாற்றும்போது எச்சரிக்கும் வசதியோடு வந்தது. ஒற்றை வரி 'இஃப்'புக்கும் அடைப்புக் குறி போடு என்று யாராவது கேட்டால், அவரைக் குறை பிடிக்கிறவர் என்று தள்ளாதீர்கள்.

பைத்தானில் இதே வகையில் நான் எப்போதும் நிறுத்திக் கேட்பவை உண்டு. ஃபங்ஷனின் வரையறையிலேயே இயல்பு மதிப்பாக (அழைப்பவர் எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்வதாக) ஒரு வெற்றுப் பட்டியலைக் கொடுப்பது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியல் ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒருமுறைதான் உருவாகிறது. அழைக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக வருவதில்லை. செலவுப் பட்டியலை அப்படி எழுதினால் முதல் லாரியின் டீசல் இரண்டாவது லாரியின் கணக்கில் போய் உட்காரும். ஓடும்போது வரும் பிழையைப் பிடிக்கும் 'எக்செப்ட்' வரியில், எந்தப் பிழை என்று சொல்லாமல் வெறும் 'எக்செப்ட்' போடுவதும் அப்படித்தான்: நிரலை நிறுத்த அழுத்தும் கன்ட்ரோல் சி-யையும் சேர்த்து விழுங்கிவிடும்.

பெயர்கள் தனி வகை. பெயர் அசிங்கமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பொய் சொன்னால் விடாதீர்கள். அட்வான்ஸைக் கழித்த பிறகு வரும் தொகைக்கு 'மொத்த வாடகை' என்று பெயரிட்டால், அடுத்த ஆறு மாதத்தில் யாரோ ஒருவர் அதிலிருந்து இன்னொரு முறை அட்வான்ஸைக் கழிப்பார். 'தொகை2' என்று பெயர் வைத்தால் அடுத்து வருகிறவர் எரிச்சல்படுவார், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

மிஷினால் முடிவதை மிஷினிடம் கொடுங்கள்

இடைவெளி, மேற்கோள், வரி நீளம், இறக்குமதி ('இம்போர்ட்') வரிகளின் வரிசை ஆகியவற்றை மனிதர் மனிதரிடம் சொல்லவே கூடாது என்பது என் கட்சி. சொன்னால் அது குற்றச்சாட்டாகக் கேட்கிறது. இவற்றைத் தானே சரிசெய்யும் கருவியான ஃபார்மேட்டர் மாற்றினால் யாருக்கும் ரோஷம் வருவதில்லை.

கோ மொழிக்காரர்கள் இதை முதலிலேயே செய்துவிட்டார்கள். மொழியோடு கூடவே கோஃபம்ட் என்ற ஃபார்மேட்டர் வந்தது. மாற்றிக்கொள்ளும்படியான அமைப்புகள் அதில் ஏறக்குறைய கிடையாது. அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக், கோஃபம்ட் தரும் நடை யாருக்கும் பிடித்தமானது அல்ல, ஆனாலும் கோஃபம்ட் எல்லோருக்கும் பிடிக்கும் என்ற பொருளில் பேசியிருக்கிறார். ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017-இல் பிரெட்டியர் வந்தது. பைத்தானுக்கு 2018-இல் பிளாக் வந்தது: வரிக்கு 88 எழுத்து, இரட்டை மேற்கோள், பேரம் கிடையாது. பிளாக்கின் நடை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஒரு சின்ன அழைப்பை ஏழு வரியாகப் பரப்பி வைக்கும்போது பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் அதை நிறுவியவள் நான்தான்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை சில. அமைப்புகளைக் குழுவின் வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். 88-ஆ, 100-ஆ, 120-ஆ என்று கேட்டால் அந்த வாரம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். கருவியின் இயல்பு அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பிடிக்காதவர் ஒரு மாதம் கழித்துச் சொல்லலாம் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள்.

பழைய நிரல் முழுவதையும் ஒரே கமிட்டில், அதாவது நிரல் வரலாற்றில் ஒரே பதிவாக மாற்றுங்கள். அந்தக் கமிட்டில் வேறெதையும் கலக்கக் கூடாது, ஒரு பெயர் மாற்றம்கூட. அதற்கு முன் திறந்து கிடக்கும் கிளைகளை (அவரவர் தனியாக வேலை செய்யும் நிரல் பிரதிகளை) முடித்து உள்ளே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொருவரும் முரண்பாடு தீர்த்தே ஒரு நாளைக் கழிப்பார்கள். தொட்ட கோப்பை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். எனக்கு அது ஒத்துவரவில்லை. உண்மையான இரண்டு வரி மாற்றம், இருநூறு வரி இடைவெளி மாற்றத்துக்குள் புதைந்துபோய், பார்க்கிறவர் தலையசைத்து அனுப்பிவிடுகிறார்.

ஒரே கமிட்டில் மாற்றினால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கிட் பிளேம் கெட்டுவிடும், எல்லா வரிக்கும் உங்கள் பெயர்தான் வரும் என்று மூத்தவர் ஒருவர் ஆட்சேபிப்பார். நியாயமான ஆட்சேபம். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23-இலிருந்து அதற்கு வழி இருக்கிறது: பிளேம் பார்க்கும்போது எந்தக் கமிட்டுகளைத் தாண்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். ஃபார்மேட்டர் கமிட்டின் எண்ணை அதில் போடுங்கள். நிரலை வைத்துப் பகிரும் கிட்ஹப், தன் தளத்தில் பார்க்கும்போது அதைத் தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும், கோப்பு அதற்குரிய பெயரில் மேல்மட்டத்தில் இருந்தால் போதும். அவரவர் கணினியில் மட்டும் கிட் அமைப்பில் ஒருமுறை அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும். "இடைவெளியை மாற்றுகிறேன் என்று நிரலையே மாற்றிவிட்டால்?" என்பது அடுத்த கேள்வி. பிளாக், மாற்றிய பிறகு பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே இலக்கண மரத்தை (நிரலின் உள் அமைப்பை) தருகின்றனவா என்று தானே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறது.

ஃபார்மேட்டர் தொடக் கூடாத இடமும் உண்டு. எங்கள் நிரலில் டன் வாரியாக, தூரம் வாரியாக வாடகை விகிதம் எழுதிய ஓர் அட்டவணை இருக்கிறது. எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நேராக நின்றால்தான் 1,850 இருக்க வேண்டிய இடத்தில் 18,500 விழுந்தது கண்ணில் படும். பிளாக் அந்த வரிசையைக் கலைத்துவிடும். இதுபோன்ற இடத்தில் மேலே ஒரு குறிப்பு வரியால் ஃபார்மேட்டரை அணைத்து, கீழே மறுபடி போடலாம். அட்டவணையைக் கையால் நேர்படுத்தியிருந்தவர் எங்கள் குழுவின் மூத்தவர். அவர் நிரலின் மற்ற எல்லா சமக்குறிகளையும்கூட அப்படித்தான் வரிசைப்படுத்தியிருந்தார். அட்டவணையை விட்டுவைத்தோம், சமக்குறிகளை விட்டுவைக்கவில்லை. இரண்டு நாள் அவர் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

மிஷின் போன பிறகு மிஞ்சுவது

இங்கேதான் உண்மையான பொறுமை தேவைப்படுகிறது. ஒருவர் ஃபார் சுழற்சி எழுதியிருக்கிறார், நீங்கள் என்றால் ஒரே வரியில் பட்டியலாக்கியிருப்பீர்கள். ஒருவர் 'எல்ஸ்' போட்டிருக்கிறார், நீங்கள் ஃபங்ஷனிலிருந்து முன்னதாகவே வெளியேறியிருப்பீர்கள். இரண்டுமே சரியாக வேலை செய்கின்றன, இரண்டுமே படிக்கப் புரிகின்றன. உங்கள் குழுவின் எழுதப்பட்ட விதியில் இது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விதியைச் சுட்டுங்கள். இல்லையென்றால் அது உங்கள் ரசனை. கூகுள் வெளியிட்டிருக்கும் ரிவியூ வழிகாட்டியும் இதையே சொல்கிறது: நடைவிதியில் இல்லாத சொந்த விருப்பத்துக்காக ஒரு மாற்றத்தைத் தடுத்து நிறுத்தாதே, சொல்லத்தான் வேண்டும் என்றால் சின்ன விஷயம் என்று அடையாளமிட்டுச் சொல்.

ஆனால் நம் ஊர் அலுவலகங்களில் அந்த அடையாளம் அவ்வளவு எளிதில் வேலை செய்யாது. 'விருப்பம்' என்று முன்னால் போட்டு, "இதை இப்படியும் எழுதலாம்" என்று நான் எழுதுகிறேன். கல்லூரி முடித்து வந்து சில மாதங்களே ஆன பையன் அதைப் படிக்கிறான். அவன் கண்ணுக்கு அது ஆலோசனை அல்ல, உத்தரவு. இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்து மாற்றி அனுப்புகிறான். "அக்கா, நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன், சரியா என்று பாருங்கள்" என்று காலையில் செய்தி கிடக்கிறது. மாற்ற வேண்டாம் என்றுதானே எழுதினேன் என்றால், "பரவாயில்லை அக்கா" என்கிறான். பதவி வித்தியாசம் இருக்கும் இடத்தில் மூத்தவரின் விருப்பத்துக்கு எடை கூடிவிடுகிறது. முன்னொட்டு அதைக் குறைப்பதில்லை.

அதனால் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் ஒப்புதல் கொடுத்துவிடுவேன். மாற்றம் உள்ளே போன பிறகு, சொல்லத் தகுந்ததாக இருந்தால் நேரில் சொல்வேன். பாதி நேரம் அதற்குள் எனக்கே மறந்துபோயிருக்கும். அப்படியானால் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை.

கட்டாயம் எழுதித்தான் ஆக வேண்டிய கருத்தை எழுதும் விதத்திலும் சிலது இருக்கிறது. "ஏன் இப்படி எழுதினாய்?" என்பது கேள்விக்குறியோடு முடிந்தாலும் கேள்வி அல்ல. "இந்த ஃபங்ஷனுக்கு வெற்றுப் பட்டியல் வந்தால் 14-ஆம் வரியில் பூஜ்யத்தால் வகுக்க நேரும், அதற்கு முன் ஒரு சோதனை வேண்டும்" என்பது கருத்து. வரியைச் சொல்லுங்கள், என்ன ஆகும் என்று சொல்லுங்கள், என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரே தவறு எட்டு இடத்தில் இருந்தால் எட்டு கருத்து போடாதீர்கள். ஒன்று போட்டு, மற்ற இடங்களிலும் உண்டு என்று எழுதினால் போதும். சிவப்பு மையில் நிரம்பிய விடைத்தாளைத் திரும்பப் பெற்ற அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறது.

நீங்கள் மறுபக்கத்தில் இருந்தால்

உங்கள் நிரலில் ஒருவர் கமா எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றால், முதலில் அவர் குழுவின் வழக்கத்தைப் பாருங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு ஒரு திருத்தம் அனுப்பும்போது, உள்தள்ளலுக்கு எட்டு எழுத்து அகல டேப் என்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. அங்கே அதுதான். வரி நீளத்துக்கு 80 என்ற எச்சரிக்கை வரம்பை அவர்களே 2020-இல் 100 ஆக்கினார்கள். அதுவரை 80-க்கு மேல் போனால் சோதனைக் கருவி முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. திறந்த கோப்பு எந்த நடையில் இருக்கிறதோ அந்த நடையில் எழுதுவது மரியாதை. பைத்தானின் சொந்த நூலகத்தையே பாருங்கள். பெப் 8 என்ற நடைவிதி ஃபங்ஷன் பெயர்களுக்கு ஸ்னேக் கேஸ் என்கிறது. லாகிங் தொகுதியும் யூனிட்டெஸ்ட் தொகுதியும் இன்றைக்கும் கேமல் கேஸில்தான் இருக்கின்றன. அவற்றை மாற்றினால் உலகம் முழுக்க உடையும் என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள். பெப் 8-ஐப் பிரம்பாகத் தூக்குகிறவரிடம் சொல்ல இன்னொன்றும் உண்டு: 'பெப்8' என்ற பெயரிலேயே இருந்த சோதனைக் கருவிக்குப் பெயரை மாற்றும்படி கேட்டவர், பைத்தானை உருவாக்கியவரும் அந்த விதியை எழுதியவர்களில் ஒருவருமான கைடோ வான் ராசம்தான். கருவி சொல்வதெல்லாம் விதி என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இன்று அதன் பெயர் பைகோட்ஸ்டைல்.

குழுவின் வழக்கமும் இல்லை, விதியும் இல்லை, அவருடைய பிடிவாதம் மட்டும்தான் என்றால், திருத்துவதற்கு ஆகும் நேரம் வாதாடும் நேரத்தைவிடக் குறைவா என்று பாருங்கள். குறைவென்றால் திருத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். அதே கருத்து இரண்டாம் முறை வந்தால் மட்டும், "இதை லின்டரில் சேர்த்துவிடலாமா?" என்று கேளுங்கள் (லின்டர் என்பது விதிமீறலைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் கருவி). கோபம் இல்லாமல் கேளுங்கள், உண்மையிலேயே சேர்க்கவும் தயாராக இருங்கள். அவர் சரி என்றால் இனி யாரும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்று பின்வாங்கினால் அதுவும் நல்லதுதான்.

எங்கள் குழுவின் விதித்தாள் ஒரு பக்கம். பணத்துக்கு மிதவை எண் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் எண்) கூடாது, பைசாவில் முழு எண்ணாக வை. தேதியை இந்திய நேரமா உலக நேரமா என்று பெயரிலேயே சொல். வெறும் 'எக்செப்ட்' கூடாது. இப்படிப் போகிறது. இடைவெளி பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. புதிய விதி சேர்க்க யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஒரே நிபந்தனை: அதைச் சோதிக்கும் லின்டர் விதியையும் கேட்கிறவரே எழுதிக் கொண்டுவர வேண்டும். எழுத முடியாத விதி என்றால், ஏன் வேண்டும் என்பதற்கு எங்கள் நிரலிலேயே நடந்த ஒரு பிழையைக் காட்ட வேண்டும். இந்த நிபந்தனை வந்ததிலிருந்து கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கடைசியாக வந்தவர் சமக்குறி மூத்தவர்தான். இரண்டு லாரிகளின் எண்ணை ஒப்பிடும்போது இடையில் உள்ள வெற்றிடத்தை நீக்கிவிட்டு ஒப்பிட வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த விதி. ஆதாரமாக, ஒரே லாரிக்கு இரண்டு பெயரில் கணக்கு ஓடிய மார்ச் மாதப் பட்டியலையும் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். அன்றே சேர்த்துவிட்டோம்.